சிவப்பு நொடி முள்

ஒரு கைக்கடிகாரத்தை ஊரெல்லாம் தேடும்படி செய்த பாவி நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. கோணவாயன் என்ற வாட்சைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அந்தப் பெயரை வைத்தவன் நான். கேள்விப்படவில்லை என்றாலும் குடி ஒன்றும் முழுகிப் போகாது.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு கம்பெனி அதைத் தயாரித்தது. விற்கவில்லை. பிறகு கம்பெனியையே மூடிவிட்டார்கள். தேதி தெரிகிற சின்ன ஜன்னலை நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் சாய்வாக வெட்டியிருப்பார்கள். வாட்சே வாயைக் கோணிக்கொண்டு சிரிப்பது போலத் தெரியும். கடைகளில் அதைக் கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டில் போட்டு வைத்திருந்தார்கள். என் தங்கை முதல் சம்பளம் வாங்கிய அன்று கடையையே புரட்டிப்போட்டு, கடைசியில் அதைத்தான் எடுத்தாள்.

"அழகா இருக்கறதையே எல்லாரும் வாங்கினா, பாவம், இதை யார் வாங்குவா?" என்றாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஓடுகிற எதையும் ஓடட்டும் என்று விட்டுவைக்கத் தெரியாதவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் வாட்சைத் திறந்தேன். தினம் ரெண்டு நிமிடம் பிந்துகிறது, சரிசெய்கிறேன் பேர்வழி என்று நொடி முள்ளை ஒடித்துவைத்தேன். பதறிப்போய், வீட்டில் கிடந்த ஒரு பழைய ஸ்டாப்வாட்சிலிருந்து சிவப்பு முள்ளைக் கழற்றி, நுனியை வெட்டி மாட்டினேன். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தவள் பார்த்தாள்.

"டேய் ஆமை, என்னடா பண்ணி வெச்சிருக்க?"

எதையும் ஆற அமரச் செய்கிறவன் என்பதால் ஆமை. அவள் வைத்த பெயர். அண்ணா என்று கூப்பிட்டதெல்லாம் காரியம் ஆக வேண்டிய நாட்களில் மட்டும்தான். திட்டப் போகிறாள் என்று நின்றேன். அவளோ கையில் கட்டிப் பார்த்துவிட்டு, "வாயைக் கோணிச் சிரிக்குது, இப்போ வெத்தலை வேற போட்டுக்கிச்சு" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த வாட்சை அவள் மாற்றவே இல்லை.

அவளுக்குச் செய்தி எழுதச் சோம்பல். ஃபோனில் கேமரா வந்த காலத்திலிருந்து, எங்காவது கிளம்பினால் பஸ் கம்பியைப் பிடித்திருக்கும் தன் கையைப் படமெடுத்து அனுப்புவாள். வாட்சில் மணி தெரியும். கிளம்பிவிட்டேன், இத்தனை மணிக்கு வருவேன் என்று அர்த்தம். முகத்தைப் படமெடுக்கவே விடமாட்டாள். அவள் கல்யாண ஆல்பத்திலேயே பாதிப் படங்களில் கையால் முகத்தை மறைத்துக்கொண்டிருப்பாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாள் அன்றும் அப்படி ஒரு படம் வந்தது. வேறு ஊரிலிருந்து, ரெண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து சேர்ந்தபோது அம்மா போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. நான் மூன்று நாளாகத் தூங்கவில்லை. நடைபாதையில் அவள் ஓடி வருவதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த அத்தனையும் வாய் வழியாக வந்துவிட்டது.

"ஏன் வந்த? கடைசி வரைக்கும் அம்மா உன்னைக் கேட்கவே இல்ல. கிளம்பு."

பொய். அம்மா கேட்டார். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். கோபத்தில் சொன்னது என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சமாதானம் சொல்லியிருக்கிறேன். கோபத்தில் திட்டுவார்கள், கத்துவார்கள். யோசித்து, எது சொன்னால் ஆழமாகப் போகும் என்று தேடி எடுத்துச் சொல்ல மாட்டார்கள். நான் தேடி எடுத்தேன்.

காரியமெல்லாம் முடியும்வரை அவள் ஓரமாக இருந்தாள், போனாள். ஒரு மாதத்தில் நம்பர் மாறியது. பிறகு கணவனோடு வேறு நாட்டுக்கே போய்விட்டாள் என்று சித்தி மகள் சொன்னாள். நம்பர் கேட்டேன். "குடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. என்னை விட்டுடுங்கண்ணா" என்றாள். எட்டு வருடமாகிறது. அவளிடம் எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அம்மா உன்னைக் கேட்டாங்க. அதைச் சொல்லாமல் செத்துப்போய்விடுவேனோ என்று பயம். லிஃப்ட் குழிக்குள் இறங்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பயம் என்னோடு இறங்கும்.

முள்முனைக்கு நான் வந்தது அப்படித்தான். முள்முனை என்பது இணையத்தில் வாட்ச் சேகரிக்கிறவர்கள் கூடும் இடம். பல நாடுகளிலிருந்தும் தமிழ் ஆட்கள் வருவார்கள், யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. திங்கட்கிழமை தோறும் 'இன்று கையில் என்ன?' என்று ஒரு பக்கம் திறப்பார்கள். அன்று கட்டியிருக்கும் வாட்சை ஆளாளுக்குப் படமெடுத்துப் போடுவார்கள். நூற்றுக்கணக்கான கைகள். முகமே இருக்காது. என் தங்கை உலகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தில் படம் போடுவாள் என்றால் அது இதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் அவள் அங்கே வர ஒரு காரணம் வேண்டுமே. அவள் கையில் இருப்பது யாரும் சீந்தாத வாட்ச். அதைப் பற்றி நாலு பேர் பேசினால், பேச்சு எட்டுத் திக்கும் போனால், என்றாவது அவள் காதிலும் விழும் என்று கணக்குப் போட்டேன். ஆமை என்ற பெயரிலேயே சேர்ந்தேன். பார்த்தால் அவளுக்குப் புரிய வேண்டும்.

முதல் பதிவில் கோணவாயன் என்று பெயர் வைத்து, அதன் சாய்ந்த ஜன்னலைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். கடைசி வரியில், சிவப்பு நொடி முள்ளோடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன், அதைப் போல அழகு இன்னொன்று இல்லை என்றும் எழுதினேன். மூன்று பதில்கள் வந்தன. அதில் ஒன்று, கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி.

விடவில்லை. வாரா வாரம் எழுதினேன். ஐந்தாவது வாரம் ஒரு பல் டாக்டர், தன் மேசை இழுப்பறையில் ஒன்று கிடந்ததாகப் படம் போட்டார். அடுத்த வாரம் நாலு பேர். அப்போதும் யாருக்கும் பெரிய ஆசை வந்துவிடவில்லை. பிறகு யாரோ ஒருவர், 'மூன்று கடை ஏறி இறங்கினேன், கோணவாயன் கிடைக்கவில்லை' என்று எழுதினார். அவ்வளவுதான். கிடைக்கவில்லை என்ற ஒரு சொல்லுக்கு இருக்கிற சக்தி என் இரண்டு பக்கப் புகழுக்கு இல்லை. வருடக்கணக்கில் அதைத் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம், ஆரம்பத்திலிருந்தே தங்களுக்குப் பிடிக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கோணல் அழகாயிற்று. நேரான ஜன்னல் வைத்த வாட்சுகளை, உயிரில்லை என்று ஒதுக்கினார்கள். விலை ஏணி வைத்து ஏறியது.

சிவப்பு முள்ளைத் தேடியும் கிளம்பினார்கள். முதல் பதிவின் கடைசி வரியை எவனோ தோண்டி எடுத்துவிட்டான். தேவை வந்தால் சரக்கும் வந்துவிடும் அல்லவா, சிவப்பு முள் தனியாக விற்பனைக்கு வந்தது. திங்கட்கிழமைக்குப் பத்து சிவப்பு முள். ஒவ்வொன்றுக்கும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பெரிதாக்கிப் பார்ப்பேன். மணிக்கட்டு, நகம், விரல்.

ஒரு தடவை பஸ் கம்பியைப் பிடித்த கை ஒன்று வந்தது. மெலிந்த கை. அதே சாய்வு. மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன், மன்னிப்பெல்லாம் கேட்டு. அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

"ஐயா, நான் ஆம்பளைங்க. ரெண்டு பிள்ளை இருக்கு. முள்ளு போன வாரம்தான் ஆன்லைன்ல வாங்கி மாட்டினேன்."

என் மனைவி அதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தாள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "நேரா ஒரு வரி எழுதிப் போடுங்களேன். தங்கச்சி, இப்படி இப்படி நடந்துச்சு, மன்னிச்சுக்கோன்னு. எதுக்கு ஊருக்கே வாட்ச் வித்துக்குடுக்கறீங்க?" என்றாள்.

"ஊர் பார்க்கற இடத்துல அதை எப்படிடீ எழுதுறது?"

"ஆஸ்பத்திரியில ஊர் பார்க்கத்தானே சொன்னீங்க?"

அவள் எப்போதும் இப்படித்தான், ஊசி போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்கு வந்த எரிச்சல் எல்லாம் சிவப்பு முள்காரர்கள் மேல் திரும்பியது. அதற்குள் நான் அங்கே பெரிய மனிதன். 'வாங்குவோர் கவனத்துக்கு: ஆமையின் ஆறு குறிப்புகள்' என்று நான் எழுதியதை எல்லோரும் வேதமாக வைத்திருந்தார்கள். கோணவாயனை விற்கிறவர்கள் எந்தத் தளத்தில் விற்றாலும், தங்கள் நேர்மைக்குச் சாட்சியாக அந்த ஆறு குறிப்பையும் விளம்பரத்துக்கு அடியில் அப்படியே ஒட்டுவார்கள். ஒட்டாதவர்களிடம் யாரும் வாங்க மாட்டார்கள். அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஐந்தாவது குறிப்பை மாற்றி எழுதினேன்:

'சிவப்பு நொடி முள் இருந்தால் அது கைவைத்த வாட்ச். தொழிற்சாலை ஒருபோதும் சிவப்பு முள் போட்டதில்லை. யார் என்ன கதை சொன்னாலும் நம்பாதீர்கள்.'

சிவப்பு முள்ளோடு வருகிறவர்களை நீக்குவது என்றும் முடிவாயிற்று. நீக்கப்பட்டவர்களுக்குப் போகும் அறிவிப்பையும் நானே எழுதினேன். 'உங்கள் வாட்ச் அசல் அல்ல. இங்கே உங்களுக்கு இடமில்லை. கிளம்பலாம். — ஆமை.' அவர்கள் மின்னஞ்சல் முகவரியைக் கையோடு அழித்துவிட வேண்டும் என்பதும் என் யோசனைதான். நீக்குகிற பொறுப்பைப் பல் டாக்டரிடம் விட்டுவிட்டு, சிவப்பு முள் என்ற சொல் வரும் பதிவு எதுவும் என் கண்ணில் படாதபடி பக்கத்தையும் அமைத்துக்கொண்டேன். அவள் இனி வரவே மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், என்னால் முடியவில்லை. வாரத்துக்குப் பத்து தடவை எழுந்து எழுந்து விழ இந்த நெஞ்சு என்ன லிஃப்ட்டா?

இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன். நிம்மதி என்று அப்போது நினைத்தேன்.

போன மாதம் ஒரு காலை, பதினான்கு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. பல் டாக்டர். அவர் குரலில் எப்போதும் நோயாளியை நாற்காலியில் சாய்க்கும் இதம் இருக்கும். அன்று இல்லை.

"ஆமை சார், போன வாரம் ஒரு சிவப்பு முள்ளைத் தூக்கினேன். அந்தம்மா ஒரு மாதிரி பதில் போட்டிருக்காங்க. நாலு நாளா மனசே சரியில்ல, அதான் கேக்கறேன். உங்களுக்குத் தங்கச்சி யாராவது இருக்காங்களா?"

"இருக்கா" என்றேன்.

கைக் கிரீஸைக்கூடத் துடைக்காமல் அவர் அனுப்பிய அந்தப் பதிவைத் திறந்தேன். எழுதியவர் பெயர்: நாற்பது நிமிடம். அதற்குமேல் படிக்கத் தேவையே இருக்கவில்லை. குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். ஆளை நீக்கினால் படமும் போய்விடும். எழுத்து மட்டும், கேலி செய்தவர்கள் எடுத்துப் போட்டிருந்ததால், அவர்கள் பதில்களுக்குள் மிச்சமிருந்தது.

'பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர், இது கோணவாயன், நல்ல விலை போகும் என்றார். அதனால் தேடி வந்தேன். விற்க வரவில்லை. முதன்முதலில் இதைப் பற்றி எழுதியவர் யார் என்று தெரிய வேண்டும். என்னுடையதில் இருக்கும் சிவப்பு முள் என் அண்ணன் போட்டது.'

அதன் கீழே, 'போன மாதம் மாமா போட்டது என்று ஒருவர் வந்தார், இப்போது அண்ணனா?' என்று ஒருவர். 'அண்ணன் என்ன தொழிற்சாலை முதலாளியா?' என்று ஒருவர். ஐந்தாவது குறிப்பைப் படிக்கவும், ஐந்தாவது குறிப்பைப் படிக்கவும் என்று பதினேழு பேர். எல்லாவற்றுக்கும் அவள் போட்ட ஒரே ஒரு பதிலையும் யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். 'படித்தேன்.'

அதன்பிறகு என் பெயர் போட்ட அறிவிப்பு அவளுக்குப் போயிருக்கிறது.

நீக்கப்பட்டவர்கள் ஒரே ஒரு முறை மறுத்து எழுதலாம். அவள் எழுதியதைப் பல் டாக்டர் வாசித்துக் காட்டினார். "ஆமைங்கறது என் அண்ணனா இருந்தா, நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லிடுங்க. கிளம்புன்னு அவன் சொல்றது இது ரெண்டாவது தடவை. மூணாவது தடவை சொல்ல நான் வெக்க மாட்டேன்."

"முகவரி?"

"அழிச்சாச்சு சார். நீங்க சொன்ன மாதிரி."

"படத்தைப் பார்த்தீங்கல்ல டாக்டர்? கை எப்படி இருந்துச்சு? இளைச்சிருந்தாளா? வளையல் ஏதாவது போட்டிருந்தாளா?"

"சார், தப்பா நினைக்காதீங்க. நான் முள்ளைத்தான் பார்த்தேன். கையைப் பார்க்கல."

அவரை நான் என்ன சொல்ல? பார்க்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் இரண்டு முறை கெட்டிருக்கிறேன், இரண்டு முறையும் அவளைச் சேர்த்துக் கெடுத்திருக்கிறேன்.

சித்தி மகளுக்கு ஃபோன் அடித்தேன். அவளுக்கும் தங்கையோடு பேச்சு நின்று இரண்டு வருடமாகிவிட்டதாம், பழைய நம்பர் வேலை செய்யவில்லை. அன்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தாள். ஊசி எதுவும் போடவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்தாவது குறிப்பைத் திறந்து முழுவதையும் அழித்தேன். புதிதாக எழுத வேண்டியது எட்டு வருடமாக மனப்பாடமாக இருந்ததுதான், ஆனால் எழுத ஒரு மணி நேரமானது.

'ஐந்து. சிவப்பு முள் போட்ட வாட்ச் ஒன்று அசல். போட்டவன் நான். சின்னவளே, அம்மா உன்னைக் கேட்கவே இல்லன்னு நான் சொன்னது பொய். மூணு தடவை கேட்டாங்க. மூணாவது தடவை கேட்டப்போ, அவ ஓடி வந்திருப்பா, முதல்ல தண்ணி குடு, திட்டாதேன்னு சொன்னாங்க. நான் தண்ணி குடுக்கல. மன்னிச்சுக்கோ.'

"போடட்டுமா?" என்று கேட்டேன்.

"போடுங்க" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்கு எப்போதோ.

முள்முனையில் பெரிய கலவரம். யாரோ ஆமையின் கணக்கைத் திருடிவிட்டதாகக்கூடப் பேசினார்கள். பல் டாக்டர் கூப்பிட்டு, "சார், நீங்க எழுதினதைப் படிச்சேன். ஆனா விக்கிறவங்க இதையும் சேர்த்து ஒட்டணுமான்னு கேக்கறாங்க" என்றார்.

"ஒட்டணும். ஆறும் இல்லாத விளம்பரத்தை எடுத்துடுங்க."

ஒட்டினார்கள். பாதிப் பேர் படிக்காமலே ஒட்டினார்கள். கண்ணாடியில் கீறல் இல்லை, பின்மூடி அசல், அனுப்பும் செலவு தனி, அதற்குக் கீழே அம்மா மூணு தடவை கேட்டாங்க. நான் கேள்விப்படாத ஊர்களில், நான் நுழையாத தளங்களில் எல்லாம் அது நிற்கிறது. சிவப்பு முள்ளுக்கு மறுபடி மவுசு வந்துவிட்டது. திங்கட்கிழமைகளில் நாற்பது ஐம்பது வருகிறது, எல்லாம் கடையில் வாங்கியது. நான் ஒன்று விடாமல் பார்க்கிறேன். முள்ளைப் பார்ப்பதில்லை.

நேற்று, கோணவாயனுக்குப் பொருந்தும் தோல் ஸ்ட்ராப் மட்டும் விற்கிற ஒருவரின் விளம்பரத்தைப் பார்த்தேன். வாட்சே இல்லை, வெறும் ஸ்ட்ராப். அதற்கும் ஆறு குறிப்புகளும் ஒட்டியிருந்தார். கீழே யாரோ ஒரு பெண், அந்தத் தங்கை பதில் போட்டாரா என்று கேட்டிருந்தார். கடைக்காரர், 'தெரியலைங்க. பழுப்பு, கறுப்பு ரெண்டும் இருக்கு, எது வேணும்?' என்று எழுதியிருந்தார்.

நான் அதற்குக் கீழே எழுதினேன்: 'இன்னும் இல்லை.'